மரத்துப்போன கால்

கம்போன் மூன்றாவது தடவையாக வரிசையில் பின்னுக்கு நகர்ந்தான். இறந்தவரின் மகன் என்பதால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. துக்கத்துக்கு அந்தச் சலுகை உண்டு.

புத்தர் கோயில் மண்டபத்தில் அப்பா படுத்திருந்தார். வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே, எதையோ வாங்கிக்கொள்வதைப் போல நீண்டிருந்தது. வந்தவர்கள் மண்டியிட்டு, அந்தக் கையில் வாசனைத் தண்ணீரை ஊற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தார்கள். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியார். வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.

"ஏன்டா எல்லாரையும் முன்னால விடுற?" என்றாள் அம்மா.

"வந்தவங்க முதல்ல முடிக்கட்டும்மா."

"இது என்ன கல்யாணப் பந்தியா?"

பின்வாங்குவதில் அவனுக்கு நல்ல பயிற்சி. அப்பாவின் பள்ளியிலேயே ஆறு வருஷம் படித்தவன். ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஆசிரியர் வணக்கம் நடக்கும். மேடையில் ஆசிரியர்கள் நாற்காலியில். எதிரே மண்டியிட்டபடி மாணவர்கள், தட்டில் இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல். தன் வரிசை அப்பாவிடம் போய் முடியுமா என்று தலைகளை எண்ணுவான். முடியும் என்றால் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடுவான். காலையில் முட்டை பொரித்துப் போட்டவரைப் பத்து மணிக்கு மண்டியிட்டுக் கும்பிட்டால் பையன்கள் சிரிக்க மாட்டார்களா? அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு அவனுக்கு உருப்படியாக உதவியது அதற்கு மட்டும்தான்.

தொந்தி பெருத்த போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் ஊற்றிவிட்டு, எழ முடியாமல் எழுந்து அவனிடம் வந்தார்.

"அண்ணே, நான் சுமெத். உங்களுக்கு ரெண்டு கிளாஸ் கீழ. வணக்க நாளுக்கு நாற்காலி தூக்குறது நான்தான். மத்த வாத்தியாருங்க எல்லாம் சாப்பிடப் போயிடுவாங்க. சார் மட்டும் எந்திரிக்கவே மாட்டாரு. 'கால் மரத்துப்போச்சுடா, நீங்க போங்க'ம்பாரு."

"அப்பாவுக்குக் கால்ல ஒண்ணும் இல்லையே."

"அட, வருஷா வருஷம் மரத்துச்சுண்ணே! அவர் எந்திரிக்கற வரைக்கும் எனக்குச் சோறு கிடையாது. நீங்க படிச்சு முடிச்சுப் போனீங்க பாருங்க, அடுத்த வருஷமே சரியாயிடுச்சு. முதல் ஆளா எந்திரிச்சு சாப்பிடப் போனாரு. ஏதோ நல்ல மருந்து போல."

கம்போன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை. தாவுவதற்குப் பக்கத்து வரிசையும் இல்லை.

மண்டியிட்டான். ஊற்றினான். கிண்ணம் காலியானது. அவன் எழவில்லை.

"பெட்டியில வைக்கணும், எழுந்திருங்க," என்றார் கோயில் ஆள்.

"கால் மரத்துப்போச்சு," என்றான் கம்போன். "நீங்க போங்க."

நீட்டியிருந்த உள்ளங்கையின் குழியில் கொஞ்சம் தண்ணீர் வடியாமல் நின்றிருந்தது.