முட்டைக்கு முட்டை

"முட்டை, தண்ணி கொண்டா!"

கத்தியது முதல் வகுப்புப் படிக்கும் மகள். கேள்வி கேட்க வந்திருந்த கணக்கெடுப்புக்காரி திடுக்கிட்டுப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எம் பொண்டாட்டியத்தான் கூப்புடுறா. கல்யாணமான புதுசுல ஒரு கழித்தல் கணக்கு குடுத்தேன், தப்பாப் போட்டா. அன்னிக்கு நான் வெச்ச பேரு. மகளும் புடிச்சுக்கிட்டா!"

வாத்தியாரின் மனைவி தண்ணீரை மகளிடம் நீட்டினாள். அந்த வாயிலிருந்து 'அம்மா' என்ற சொல் கேட்டு வெகுநாளாகிறது. புருஷன் அழைத்தபோது பொறுத்துக்கொண்டவளால், பெற்ற பிள்ளை அழைத்ததைப் பொறுக்க முடியவில்லை. இன்று எவளோ ஒருத்தி வீடு தேடி வந்து கேட்கிறாள். சொல்லிவிட வேண்டும்.

பல நாட்டு மனைவிமார் புருஷனால் படும் மனவேதனையை ஒரே அளவுகோலால் அளக்கும் கணக்கெடுப்பு அது. பெண்ணைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது விதி.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில..."

"நான் என்ன மூணாம் மனுஷனா? கேளுங்க மேடம்."

இருட்டுவதற்குள் இன்னும் சில வீடுகள் பார்க்க வேண்டும். மேடம் விதியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எம் பேரு எழுதிக்கலையா?" என்றாள் மனைவி.

"பேரு தேவையில்லீங்க. எல்லாம் ரகசியம்."

அந்த ரகசியத்தை வாத்தியார் கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் கணவர் உங்களை இழிவுபடுத்தியதுண்டா?"

எந்த நாட்டு மேதாவியோ எழுதி, யாரோ அகராதியைப் புரட்டி மொழிபெயர்த்த கேள்வி. அவளுக்கு விளங்கவில்லை.

"இழிவுபடுத்துறதுன்னா... எப்படிங்க?"

"பாத்தீங்களா! இதுகூடத் தெரியல. சும்மாவா முட்டைன்னு பேரு வெச்சேன்?"

கணக்கெடுப்புக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியாதைக்குச் சிரித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். மகளும் சிரித்தாள்.

"நடுத்தெருவுல நிக்க வெச்சு அசிங்கமாத் திட்டுறதுடீ. நான் அப்படித் திட்டியிருக்கேனா?"

சிரித்த முகங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இல்லீங்க."

பிறகு வந்த கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அவள் தலையாட்டினாள். கடைசியில் கணக்கெடுப்புக்காரியின் கையிலிருந்த டேப்லெட் வேதனையைக் கூட்டிக் காட்டியதை வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"மொத்தம் பூஜ்யமா? அட, முட்டைக்கு முட்டை!"

கணக்கெடுப்புக்காரி வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"நீங்க சிரிச்சீங்களே, அப்பதாங்க அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிஞ்சுது. இப்ப ஆமான்னு போட்டுக்குவீங்களா?"

கணக்கெடுப்புக்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. "அனுப்பிட்டேங்க. இனிமே திருத்த முடியாது."

"அப்ப எம் பேரையாவது கேட்டுட்டுப் போங்க."

அவள் தன் பெயரைச் சொன்னாள். உள்ளே கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

"முட்டை, கதவைச் சாத்து!" என்றது மகளின் குரல்.

"அப்படி இங்க யாரும் இல்ல," என்றாள் அவள், திரும்பாமலே.

உள்ளே வாத்தியார் சிரித்தார். இந்த முறை மகள்கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.