பதினேழும் பதினெட்டும்

அந்தக் கட்டடத்துக்கு மூன்று மாடி, மூன்று துறை, ஒழுங்காகத் தண்ணீர் வரும் குழாய் ஒன்றே ஒன்று. மேல்மாடியில் மண் ஆய்வு, நடுமாடியில் நாடகம், கீழே வரலாறு. குழாய் கீழே இருந்ததால் வரலாற்றுக்காரர்களுக்குத் தலைக்கனம் என்று மற்ற இரண்டு மாடியும் பேசிக்கொள்ளும். மற்றபடி யார் எதை ஆராய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

மூன்று துறைக்கும் பொதுச்சொத்து நடுமாடிப் படிக்கட்டு ஓரத்து மேசை. வேண்டாததை அதில் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும் அட்டை ஒன்று சுவரில் ஆணியில் தொங்கும். உடைந்த நாற்காலி, ஒற்றைக் காதணி, பாதி தீர்ந்த பசை, எதை வைத்தாலும் அரைமணி தாங்காது. ஒருமுறை மேசையில் தலைசாய்த்துத் தூங்கிப்போன பேராசிரியரை நாடகத்துறையில் பாதி வழி தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். குறட்டை கேட்ட பிறகுதான் இறக்கி வைத்தார்கள்.

அந்த மேசையில்தான் மண்ணம்மா தன் ஆறு வருட உழைப்பைக் கொண்டுபோய் வைத்தாள்.

மண்ணம்மா என்பது கட்டடம் அவளுக்கு வைத்த பெயர். வயது நாற்பத்து மூன்று. வீட்டில் இரண்டு பெண்கள், மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர். ஆற்றங்கரையில் தொடங்கி மலையடிவாரம் வரை இருபத்து நான்கு இடங்களில் மண் எடுத்து, போகப்போக அதில் மணல் எப்படிக் குறைகிறது என்று பார்ப்பதுதான் அவள் முனைவர் பட்ட ஆய்வு. வரைபடத்தில் கோடு படிக்கட்டுக் கைப்பிடி மாதிரி அழகாக இறங்கி வரும். பதினேழில் மட்டும் தடுக்கி விழும், பதினெட்டில் துள்ளி எழும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இறங்கிப் போகும்.

அவளுடைய நெறியாளருக்கு 'எதுக்கு' என்றே பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் எதுக்கு என்பார். இந்தத் துள்ளலைப் பார்த்து இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை எதுக்கு என்று கேட்டிருப்பார். தூர்ந்துபோன வாய்க்கால், காற்று, கரையான் என்று அவள் முப்பது பக்கத்துக்குக் காரணம் எழுதி வைத்தாள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் அதற்கும் மசியவில்லை. வாய்மொழித் தேர்வன்று மூல மண்ணையே பார்க்க வேண்டும், முக்கியமாகப் பதினேழையும் பதினெட்டையும் என்று எழுதிவிட்டார். மண் இல்லையென்றால் மறுபடி போய் எடுத்து வர வேண்டும் என்பது விதி. எங்கே போய் எடுப்பது? பதினாறிலிருந்து இருபது வரை இப்போது பேருந்து நிலையம் நிற்கிறது.

தேர்வு மறுநாள் காலை பத்து மணிக்கு. பார்த்துப் பார்த்து அன்றைக்குத்தான் ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. மண்ணம்மா இருபத்து நான்கு துணிப்பைகளையும் இரண்டு பெட்டியில் அடுக்கி, மூச்சு வாங்க ஒரு மாடி இறக்கி, கண்ணில் பட்ட மேசையில் வைத்தாள். வியர்வையில் ஒட்டிய வெள்ளைக் கோட்டைக் கழற்றி அங்கிருந்த ஆணியில் மாட்டினாள். கோட்டுக்கு அடியில் அட்டை மறைந்தது. தராசை எடுக்க மேலே ஓடினாள். பத்து நிமிட வேலை, வெள்ளையடிப்பவர் ஏணியில் இருந்தபடியே தன் மருமகனைப் பற்றிச் சொன்னதில் நாற்பது நிமிடம் ஆனது.

திரும்பி வந்தபோது கோட்டு இருந்தது. பெட்டிகள் இல்லை. கோட்டை எடுத்தாள், அட்டை அவளைப் பார்த்தது. அவள் வீட்டு இஸ்திரிப்பெட்டியே அந்த மேசையில் கிடைத்ததுதான்.

அவள் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பக்கத்துக் கட்டடத்துக்குக் குடிபோயின, இன்னும் திரும்பவில்லை. கீழே குழாயில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த பூதக்கண்ணாடி சார் மட்டும் நிதானமாகப் படியேறி வந்தார். பழைய நிலப்பத்திரங்களில் எந்த எழுத்து யாருடையது என்று கண்டுபிடிப்பது அவர் ஆராய்ச்சி. உருப்பெருக்கி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. சற்று முன் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தபோது, இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு காலடி உள்ளே போனதைப் பார்த்ததாகச் சொன்னார். காலடி என்றால் நாடகத்துறையில் காலடி ஓசையை ஆராயும் இளைஞன். மேடைக்குப் பின்னால் கேட்கும் நடையை வைத்தே, வருவது யார், எந்தத் தரையில் நடந்து வருகிறார் என்று பார்ப்பவர்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பது அவன் ஆய்வு. அவன் அறையில் அறுபத்து மூன்று ஜோடி செருப்பு.

மண்ணம்மா கதவைத் தள்ளினாள். தரை முழுக்கத் தகரத் தட்டுகள், தட்டுகளில் அவளுடைய மண். அதன்மேல் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் குதிகால் செருப்புமாக, கண்ணை மூடிக்கொண்டு காலடி நடந்துகொண்டிருந்தான்.

"கலந்துட்டீங்களா?" என்றாள் வாசலில் நின்றபடியே.

"கலக்கறதா? ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா சத்தமே கெட்டுப்போயிடுமே, அக்கா."

ஒவ்வொரு பையிலிருந்தும் அவன் எடுத்தது ஒரே ஒரு தம்ளர். மீதி அப்படியே கட்டிய பைகளாக, சீட்டு கலையாமல், ஒன்று முதல் இருபத்து நான்கு வரை ஜன்னலோரம் வரிசையாக நின்றது. முடிச்சுகூட அவள் போடுகிற மாதிரியே போட்டிருந்தான். மண்ணம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் விட்ட பெருமூச்சில் முதல் தட்டு மண் லேசாகப் பறந்தது.

நாலு வருடமாகத் தேடிய மண் மேசையில் கிடைத்ததும், யாரோ புண்ணியவான் தனக்காகவே வைத்தது என்று நினைத்தானாம். மன்னிப்புக் கேட்டான், தண்ணீர் கொடுத்தான். அதோடு விட்டிருக்கலாம்.

"ஒரே ஒரு குறைதான் அக்கா. உங்க பதினேழும் பதினெட்டும் இடம் மாறி இருக்கு."

இரண்டு வருடமாக உயிரை வாங்குகிற அந்த இரண்டு எண்ணை ஒரு செருப்புக்காரன் சொல்வதா என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. ஆறு வருடம் மண்ணோடு குடித்தனம் நடத்தியவள் தான்தான் என்றாள்.

"நீங்க படிச்சவங்க, நான் நடந்தவன்," என்றான் அவன். "ஒண்ணுல சரசரன்னு ஆரம்பிச்சு மெல்ல மெல்ல மெத்துனு ஆகுது. பதினேழு அவசரப்பட்டு மெத்துனு ஆயிடுது, பதினெட்டு திரும்பவும் சரசரங்குது. அதுல நறுக் நறுக்னு வேற. குனிஞ்சு பார்த்தேன், நத்தை ஓடு."

மண்ணம்மா எழுந்தாள். கைப்பையில் இருந்த களக் குறிப்பேட்டைப் புரட்டினாள். மழையில் நனைந்து உப்பிய பக்கம், அன்று மாலையே பென்சிலில் எழுதியது: பதினேழாம் இடம், சிறு நத்தை ஓடுகள். பதினெட்டுக்கு அப்படி ஒரு வார்த்தை இல்லை. சோதனைக்குப் போகும் மண்ணைச் சலித்துத்தான் அனுப்புவார்கள், ஓடெல்லாம் சல்லடையோடு நின்றுவிடும். முப்பது பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு மூலப் பையை ஒரு தடவை அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதற்குள் பூதக்கண்ணாடி சார் பைகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு சீட்டும் உங்க எழுத்தில்லம்மா. நீங்க எட்டை ஒரே இழுப்புல போடுறீங்க. இவரு ரெண்டு வட்டம் போட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தியிருக்காரு. மூக்குக் கண்ணாடியை நிமிர்த்தி வச்ச மாதிரி."

மண்ணம்மா கணவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த மழை நாளில் சீட்டு எழுதியது யார் என்று கேட்டாள்.

அவர் முதலில் நானா என்றார். பிறகு எந்த மழை என்றார். ஆமாம், அன்றைக்குத் துணைக்குப் போனார், குடை பிடித்தார். மழை வலுத்தபோது அவள் தோண்டிக் கொடுக்கக் கொடுக்க, மடியில் வைத்துக் கட்டிச் சீட்டு எழுதியது அவர்தான், அந்த இரண்டு பைகளுக்கு மட்டும்.

"நனைஞ்சிடுமேன்னு கண்ணாடியைக் கழட்டி சட்டைப்பையில வச்சிட்டேன்மா," என்றார் சன்னமாக.

ஊருக்கே கண்ணாடி போடுகிற மனுஷன். இதில் கூத்து என்னவென்றால், இரண்டு வருடமாகச் சாப்பாட்டு நேரமெல்லாம் பதினேழைப் பற்றிய புலம்பலைக் கேட்டுக் கேட்டு, கரையானாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் அவரேதான். அந்தக் கரையானுக்கு ஆய்வேட்டில் ஆறு பக்கம். பெரிய தப்பா, பட்டம் போய்விடுமா என்று அவர் கேட்டபோது மண்ணம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க அதிகமானது. இரண்டு வருடச் சிரிப்பு பாக்கி இருந்திருக்கும் போல. காலடி அதைப் பதிவுசெய்துகொண்டான்.

இரண்டு புள்ளியை இடம் மாற்றியதும் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. நெறியாளர் அதைக் கையில் வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். "எதுக்கு இதை முன்னாடியே செய்யல?" என்றார். அவர் கேட்ட கேள்விகளிலேயே அவளுக்குப் பதில் தெரிந்திருந்த முதல் கேள்வி அது.

மறுநாள் வந்த தேர்வாளர் சிரிப்பைப் பிறந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர். குறிப்பேட்டைப் பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார், நத்தை ஓட்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். அப்புறமும் திருப்தி இல்லை. யாரும் எதிர்பாராமல் சாக்ஸைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, நெறியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காலடி பரப்பிய பழைய சீட்டு வரிசையிலேயே இருந்த தட்டுகளில் பதினாறிலிருந்து நடந்தார். அறையில் ஈ பறந்தால் கேட்கும். சர், சர், மெத்து, நறுக்.

நின்றார். கண்ணைத் திறக்காமலே, "இது பதினேழுதான்," என்றார்.

பட்டம் கிடைத்தது. கரையான் உட்பட அந்த முப்பது பக்கத்தையும் எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மண்ணம்மா அங்கேயே, அவர் கண்ணெதிரிலேயே, பக்கங்களைப் பிரித்து எடுத்தாள். போகிற வழியில் படிக்கட்டு மேசையில் வைத்தாள். இந்தத் தடவை ஆணியில் எதையும் மாட்டவில்லை, அட்டையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

மாடிக்குப் போய்க் கணவருக்குச் செய்தி சொல்லிவிட்டு, அவர் தேம்பி முடிக்கும்வரை காத்திருந்து, கீழே இறங்கி வந்தபோது மேசை காலி. நடுமாடி அறையிலிருந்து, காய்ந்த காகிதத்தின் மேல் யாரோ குதிகால் செருப்போடு நடக்கும் சத்தம் கேட்டது.