புகைபோக்கியில் அடைத்த படங்கு

சனிக்கிழமை பஸ்ஸில் மாமியார் பவுலின் வருகிறார். வீடு குளிராக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் ஊரான கினிகத்தேனைக்குப் போய்விடுவார். அந்த வாரம் முழுவதும் தோட்டப் பள்ளிக்கூடத்து ஞானரட்ணம் மாஸ்டரின் தலைக்குள் இதுதான் ஓடியது.

பவுலின் சொன்னதில் குற்றமில்லை. மகள் இறந்தபின் அவருக்கு மிஞ்சியது பேத்தி பெற்றீசியாதான். மாஸ்டர் குடியிருந்ததோ வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன துரை பங்களா. உயரமான கூரை, இடுக்கு விட்ட சன்னல்கள், ஹீட்டர் வந்தபின் தீ மூட்டாத கணப்பு. மண்ணெண்ணெய் ஹீட்டரை மூட்டினால் பிள்ளை இருமியது, அணைத்தால் நடுங்கியது. எண்ணெயும் இப்போது கடையில் லேசில் கிடைப்பதில்லை.

"கரண்ட் ஹீட்டர் வாங்குங்களேன் மாஸ்டர்" என்றான் பக்கத்துத் தொழிலாளர் லயத்துச் செல்லசாமி. தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவன்.

"பொல்பிட்டிய பவர் ஹவுஸ் கரண்ட் நம்ம தலைக்கு மேல போகுது. வீட்டுக்குள்ள எறங்க மாட்டேங்குது."

"அப்ப மிலாறு?"

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் மலையெங்கும் கிடந்தன. எரித்துப் பார்த்தார்கள். படபடவென்று எரிந்தது, பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குள் சாம்பல்.

மிச்சம் மரத்தூள். மரம் அரிகிற இடத்தில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. தகர வாளியின் நடுவே போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, போத்தலை மெல்ல உருவ வேண்டும். அடியிலுள்ள ஓட்டை வழியே தீ வைத்தால் காலையில் மூட்டியது மாலைவரை கனலும். பக்கத்தில் செங்கல் அடுக்கினால் அதன் பிறகும் சூடு நிற்கும். நினைக்க நினைக்க மாஸ்டருக்குக் கை பரபரத்தது. மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து எதற்கும் பரபரக்காத கை.

சனிக்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு, பழைய கணப்புக்குள் வாளியை வைத்துத் தீ மூட்டினார்கள். பிடித்துக்கொண்டது. செல்லசாமி துண்டை உதறித் தோளில் போட்டான். அதற்குள் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பியது.

வாசலில் பவுலின் நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, பிள்ளைக்குக் குளிர் காயவா, கருவாடு போடவா?"

செல்லசாமியின் மனைவி பூரணியிடமிருந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"திரும்புற பஸ்ஸுக்கு நாங்க ரெண்டு பேரும் போறோம்."

செல்லசாமி சாக்கைச் சுற்றிப் பிடித்து வாளியை முற்றத்துக்கு இழுத்தான். மாஸ்டர் குனிந்து புகைபோக்கிக்குள் பார்த்தார். வெளிச்சமே இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. ஹீட்டர் வந்த மாதம், புகைபோக்கி வழியே காற்று இறங்குகிறதென்று எதையோ உள்ளே அடைத்தது மனைவி. அவள் ஏறிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது அவர்.

தோள்வரை கையை விட்டு இழுத்தார். மேலெல்லாம் கரி கொட்ட, ஒரு கெட்டித் துணிச் சுருள் வந்து விழுந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு; சுருட்டி, இறுக்கித் தைத்திருந்தது.

"இப்பத்தான் மாஸ்டர் நம்மாளு மாதிரி இருக்கீங்க. திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பேரு குடுத்துருங்க" என்றான் செல்லசாமி.

வாளி மறுபடி உள்ளே போனது. புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு விர்ரென்று மேலே ஏறியது.

"ஏறுது மாஸ்டர், ஏறுது."

இருவரும் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார்கள். கூரைக்கு மேல் வெள்ளையாக, நேராக நின்றது புகை. மாஸ்டர் சிரித்தார், மனைவி போனபின் முதல்முறையாக. வாசலில் நின்ற பூரணி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே வந்தபோது வாளியைச் சுற்றி அடுக்கிய செங்கற்கள் சுடத் தொடங்கியிருந்தன. பவுலின் படங்கைக் கையில் வைத்து விரலால் தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எம்மகதானே தைச்சா? கோணக் கோணயா இருக்கு."

"ஆமா மாமி."

வளைவில் திரும்புகிற பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பவுலின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. படங்கைக் கதவின் அடியிலிருந்த இடுக்கில் நீளமாகப் பொருத்திக் காலால் அழுத்தினார்.

"இங்கதான் காத்து வருது மாப்பிள்ளை."

பிறகு கணப்பருகில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, அதன் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.