புட்டியில் கலந்த தண்ணீர்

ஒரு அவுன்ஸ் மூத்திரத்துக்கு ஓர் எருமை. துளசிராமன் தன் வாயாலேயே சொன்ன விலை. வாங்கும் பொருளுக்குக் கேட்காமலே விலையை ஏற்றிச் சொன்னது, அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"சிஸ்டர், எங்க கறவை எருமைய ஓட்டிக்கினு போங்க. இன்னும் ஒரே ஒரு அவுன்ஸ் எறங்கட்டும்."

"எருமையை எங்கேப்பா கட்டுறது, கட்டில் காலிலேயா?" என்றாள் நர்ஸ் ஞானம்மா. சிரித்தாளே தவிர, கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் புட்டியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மூன்று அவுன்ஸ். அதுவும் டீ டிகாக்ஷன் நிறம்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பாலை வாசலில் துளசிராமனுக்குப் பால் வியாபாரம். கறப்பது அவன், கலப்பது மனைவி கனகாம்பாள், பெரியபாளையத்தம்மன் மேல் சத்தியம் செய்வது மறுபடியும் அவன். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, கெட்டி பார்க்கும் கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டால், அது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே யோக்கியமாக நிற்கும். தண்ணீரோடு எவ்வளவு சர்க்கரை சேர்க்க வேண்டும் என்பது கனகாம்பாளின் கைக்குத் தெரியும்.

அந்தக் கைக்காரிக்குப் பெருங்குடலில் புற்று. திருவள்ளூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். கட்டி போயிற்று. ஆனால் ஆபரேஷன் மேஜை மேலேயே ரத்தம் நிறையப் போய், பிரஷர் விழுந்து, சரக்கு வராத கடைகளைப் போலச் சிறுநீரகம் இரண்டும் கதவைச் சாத்திக்கொண்டன.

"திறக்கும்ப்பா. பத்து நாளும் ஆகலாம், மேலேயும் ஆகலாம்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் உள்ளே போற தண்ணிக்கு வெளியே வர வழியில்லை. நேத்து எவ்வளவு மூத்திரம் வந்ததோ அவ்வளவு தண்ணி, அதுக்கு மேலே ரெண்டே டம்ளர்தான் குடிக்கலாம். தாண்டினா நெஞ்சிலே நீர் கோத்துக்கும்."

"வவுத்துல கொழா வுட்டுக் கழுவலாம்னாங்களே, ஐயா?"

"இப்பத்தான் வெட்டித் தைச்ச வயிறு, தாங்காது. பட்டணத்திலே ரத்தத்தைக் கழுவுற மெஷின் இருக்கு. இடம் கேட்டு வெச்சிருக்கேன்."

"தண்ணிய மட்டும் மூணு டம்ளரா முடிச்சிக்கலாமே?"

"இது சந்தை இல்லைப்பா."

சித்திரை வெயில். கனகாம்பாளின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "யோவ், எருமைக்குக் கூட தொட்டில தண்ணி காட்டுற. நான் இன்னாய்யா பாவம் பண்ணேன்?"

ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்தான். அவள் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டாள். இழுத்துப் பார்த்தான். விடவில்லை, உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவன், தன் பெண்டாட்டியின் பல்லிலிருந்து ஒரு கந்தல் துணியைப் பிடுங்கிக்கொண்டு நின்றான்.

ஞானம்மா அந்தப்பக்கம் போனாள். துளசிராமன் குழாயடிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து புட்டியில் ஊற்றினான். புட்டியில் அளவு ஏறினால், மறுநாள் குடிக்கும் தண்ணீரும் அந்த அளவுக்கு ஏறும். இரண்டு தலைமுறையாகச் செய்த தொழில்தானே, வெளியே சிந்தவில்லை.

மறுநாள் இரண்டு டம்ளர் ஊற்றினான். அதற்கும் மறுநாள் மூன்று.

புட்டியில் நிறம் தெளிந்தது. டாக்டர் முகமும்தான். "கிட்னி திறக்குதுப்பா! இனி மெஷின் வேண்டாம்" என்றார். பட்டணத்தில் கேட்டு வைத்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அப்போதாவது துளசிராமன் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவனோ ஞானம்மாவுக்கு இட்லி வடை நாஷ்டா வாங்கிக் கொடுத்தான். தான் தண்ணீர் கலந்த பாலைத் தானே கெட்டிப்பால் என்று நம்பிக் குடித்த பால்காரன் உலகத்தில் அவன் ஒருவன்தான் இருப்பான்.

கனகாம்பாள் நம்பவில்லை. தலையைச் சாய்த்துப் புட்டியைப் பார்த்தாள். "இன்னாய்யா, சரக்கு நீர்த்துப் பூட்ட மாதிரி கீது. தண்ணி கலந்துகீறியா?"

"சும்மா கெட மே. அம்மன் மேல சத்தியமா…"

"சத்தியம் வேற பண்றியா? அப்ப கலந்துதான் கீற." சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கி, ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் அவளால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தாலும் மூச்சு பிடிபடவில்லை. முகம் ஊதி, நெஞ்சுக்குள் அடுப்பில் பால் பொங்குவது போன்ற சத்தம். கடைவாயில் நுரை.

"புட்டி நிறைய வருது, உடம்பு எப்படி ஊதும்?" என்ற டாக்டர், மேஜையிலிருந்து ஒரு கண்ணாடி மிதவையை எடுத்தார். துளசிராமனுக்கு அதை அடையாளம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பாலில் விடும் மிதவைக்குக் கூடப் பிறந்த தம்பி அது. அன்றைக்கு அவன் கையில் சர்க்கரை இல்லை.

புட்டி நீரை ஒரு குழாயில் ஊற்றி மிதவையை விட்டார். அது கழுத்து வரை மூழ்கிற்று.

"இது மூத்திரமே இல்லை. தண்ணி."

துளசிராமன் சட்டென்று அவர் காலைப் பிடித்தான். "அஞ்சு எருமையும் எடுத்துக்கோங்க. அந்த மெஷின…"

"ஆள் அனுப்பிட்டேன். இடம் நிறைஞ்சிருச்சாம், மூணு நாள் ஆகும்." ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். ஊசி மருந்தும் சிறுநீரகத்தின் சாத்திய கதவில் மோதித் திரும்பியது.

"அவர வையாதீங்க, டாக்டரு… குட்சது நான்தான்" என்றாள் கனகாம்பாள், வார்த்தைக்கொரு மூச்சாக.

டாக்டர் வையவில்லை. வைதிருந்தாலாவது ஒரு பேரத்துக்கு இடம் இருந்திருக்கும். "எவ்வளவு ஊத்தினே? சரியாச் சொல்லு. அவ உடம்புலே எவ்வளவு தங்கியிருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்று மட்டும் கேட்டார்.

பிறந்ததிலிருந்து சரியான அளவு சொல்லிப் பழகாத துளசிராமன், விரல் விட்டு எண்ணிச் சொன்னான்: முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று. ஊற்றிய கணக்குக்கு அவள் கூடுதலாகக் குடித்ததும் அதே ஆறு டம்ளர். அதில் வெளியே வந்தது ஒன்றுமில்லை. பாக்கி ஆறும் கனகாம்பாளின் நெஞ்சில்.