மொழிபெயர்ப்பாளரின் பகல் தூக்கம்

கமலினிக்குக் காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை. அறுபது வருடத்துக்கு முன், 1920 வாக்கில், பிரான்சுக்குப் போய், தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டே படித்த சீன மாணவர்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. உயிரோடு ஒரு சாட்சியாவது கிடைக்காவிட்டால் அந்த அத்தியாயத்தையே தூக்கிவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சாட்சி இப்போது சிட்னியில், லிட்கம்மிலுள்ள அவள் வீட்டு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியர் லியூ, எழுபத்தெட்டு வயது, பீஜிங்கிலிருந்து கல்விக் குழுவோடு வந்தவர். பக்கத்தில் சீன அரசாங்கம் அவரோடு சேர்த்து அனுப்பிய இளம் மொழிபெயர்ப்பாளன் ஜாங். கமலினி எதைக் கேட்டாலும் கிழவர் முதலில் ஜாங்கின் முகத்தைப் பார்ப்பார். "பிரான்ஸ் நல்ல நாடு. சிட்னியில் வெயில் இதமாக இருக்கிறது" என்று பதில் வரும். மூன்று மணிக்கு அவர்களைக் கூட்டிப்போகக் கார் வந்துவிடும். அவளுக்கு அழுகையே முட்டியது.

அவள் கணவன் இந்திரகுமாருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. ஜாங்கோ ஒரு பருக்கையைக்கூட வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவன். அவன் தட்டை வழித்துச் சுத்தமாக்குவான், இவன் உடனே அகப்பையோடு வந்து நிற்பான். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள், அதுதான் தொல்லை.

"இஞ்சேருங்கோ, காணும், இனிப் போடாதேங்கோ. பெடியனுக்கு மூச்சு முட்டுது" என்றாள் கமலினி.

"நீர் சும்மா இரும். நல்லா ரசிச்சுச் சாப்பிடுறார். இந்த இறாலையும் போடுவம்."

நாலாம் தடவை சோறும், அதன்மேல் இரண்டு கோப்பை பாயாசமும் இறங்கிய பிறகு ஜாங் தள்ளாடிப் போய்ச் சாய்மனைக் கதிரையில் விழுந்தான். கண் மூடியது. குறட்டையும் வந்தது.

கிழவர் அவள் பக்கம் குனிந்தார். "பிரெஞ்சு தெரியுமா, அம்மா?" என்று பிரெஞ்சிலேயே கேட்டார்.

ஆய்வுக்காகக் கஷ்டப்பட்டுப் படித்த பிரெஞ்சு! கமலினி வேகமாகத் தலையாட்டினாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தொழிற்சாலையில் சப்பாத்துக்கு ரப்பர் அடி ஒட்டிய விரல்களோடு இலக்கணம் எழுதியது, ஒரே குளிர்கோட்டை மூன்று பேர் முறைவைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனது, பேக்கரிக்காரியோடு ஆடப் போய் அவள் காலை மிதித்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எழுதி எழுதிக் கமலினிக்குக் கை கடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் வலி தெரியவில்லை.

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. ஜாங் எழுந்து சட்டையைச் சரிசெய்தான். கமலினி அவசரமாகக் கொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

விடைபெறும்போது அவன் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னான்: "பிரான்சில் அவர்கள் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. முன்னால் நின்று நடத்தியதே அவர்தான். அடுத்த ஞாயிறும் கூட்டிவருகிறேன். எனக்கு இங்கே நன்றாகத் தூக்கம் வருகிறது."