பித்தளைக் கூட்டில் ஆறாவது பெயர்

எங்கள் ஊர்ப் படைவீரர் கிளப்பில் ஒரு பித்தளைக் குண்டுக் கூடு இருக்கிறது. 1953 ஜூலையில், கொரியாவில் போர் நிற்பதற்குச் சற்று முன், எங்கள் நியூசிலாந்துப் பீரங்கி ஒன்று கடைசியாகச் சுட்ட குண்டினுடையது. சுட்டவர்கள் அதில் ஆணியால் கையெழுத்துக் கீறினார்கள். பீரங்கிக் குழுவின் சார்ஜெண்ட் இறந்த பிறகு அவர் மனைவி அதை எங்களுக்கு அனுப்பினார்.

வந்தபோது கரிக்கட்டைபோல் கறுத்திருந்தது. செயலாளரான நான், யாரும் பார்க்குமுன் அழகாக்கிவிடலாம் என்று, சாம்பலும் வினிகரும் போட்டு ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். பிறகு எண்ணினேன்: ஐந்து பெயர்கள். ஐவரும் வெளியூர்க்காரர்கள், அப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

எங்கள் ஊர் லாக்லன் ரென்னி தானும் அந்தக் குழுவில் இருந்ததாகச் சொல்லிவந்தவர். வந்து பார்த்தார், அவர் பெயர் இல்லை. கிளப் மதுக்கூடத்தில் ஊற்றிக் கொடுக்கும் கஸ், "கடைசிக் குண்டு மட்டுமா லாக்லன், போரையே நீதானே நிறுத்துன?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அன்றோடு அவர் கிளப்புக்கு வருவதை விட்டுவிட்டார்.

போன ஜூலையில் அவர் இறந்தார். மகள் ஐலீன் வந்தாள். 'கடைசிக் குண்டைச் சுட்டவர்களில் ஒருவர்' என்று கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசையாம். பொய்யைக் கல்லில் வெட்ட மாட்டேன், ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

ஜூலை எங்கள் நாட்டில் குளிர்காலம்; கிளப்பில் கணப்படுப்பு மூட்டியிருக்கவில்லை. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவள், மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து அடிவிளிம்பைப் பார்த்தாள். அவள் மூச்சில் பித்தளை மங்கியது. மங்கலின் நடுவே, ஈரம் படியாத மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாய்க் கூடின. எல். ரென்னி. நாங்கள் பார்க்கப் பார்க்க அது மறைந்தது.

கஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, பயந்தவன்போல ஊதினான். மறுபடி வந்தது. இறந்தவரே நேரில் வந்து நின்றதுபோல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"லேசாக் கீறியிருந்திருக்கார். நான்தாம்மா தேய்ச்சு அழிச்சேன்," என்றேன்.

ஐலீன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தாள்.

"அப்புறம் திட்டறேன் உங்கள. இப்ப ஊதுங்க. அப்பா கையெழுத்து எப்படியோ அப்படியே கல்லுல வெட்டணும்."

ஊதினேன்.