சகாதேவன் போட்ட டியூப்லைட்

பெண்டாட்டி பிள்ளை பெற்று அம்மா வீட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் ஒரு ஆண்பிள்ளை என்னென்ன செய்வான்? சுவருக்கு வெள்ளை அடிப்பான், தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டுவான். சகாதேவன் இரண்டையும் செய்துவிட்டு, போதாதென்று ஒரு டியூப்லைட்டும் வாங்கிப் போட்டான். பே கோபுரத் தெருவில் ராணியம்மாள் வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை அவன் குடித்தனம். அதுவரை அங்கே எரிந்தது அழுதுவடிகிற ஒரு குண்டு பல்பு. சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன் வீட்டில் இவ்வளவு இருட்டா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனே கேட்டுக்கொண்டான். தன் மகள் நல்ல வெளிச்சத்தில் வளர வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம் வேதாவையும் குழந்தையையும் கீழ்பென்னாத்தூரிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். குழந்தைக்குப் பெயர் உண்ணாமலை. பகலில் அதுபோல் தங்கமான பிள்ளை கிடையாது. பறக்கிற காக்கையைப் பார்த்துச் சிரிக்கும், பால்காரரைப் பார்த்தும் சிரிக்கும். ராத்திரியில்தான் வினை. பசித்தால் முனகும், வேதா இருட்டிலேயே பால் கொடுப்பாள், குடித்துவிட்டுத் தூங்கிவிடும். துணியை நனைத்துக்கொண்டால் தீர்ந்தது. வேதா விளக்கைப் போட்டு, ஈரத்துணியை உருவி, வேறு துணி சுற்றி முடிப்பதற்குள் வீறிட்டுக் கத்தி, உடம்பெல்லாம் சிவந்து, மூச்சு விட்டு விட்டு வரும். அப்புறம் அரை மணி நேரம் தோளில் போட்டு நடக்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு தடவை இந்தக் கூத்து.

செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பு சுட்டு உரசி வைத்தார்கள். உரம் விழுந்து சுளுக்கியிருக்கும் என்று புடவையில் போட்டு உருட்டினார்கள். ராணியம்மாள் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வந்தது, அழுகை போகவில்லை. துணி உறுத்துகிறதோ என்று சகாதேவன் தன் கல்யாண வேட்டியையே கிழித்துக் கொடுத்தான். கழுவுகிற தண்ணீர் சில்லிடுகிறதோ என்று வேதா பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டாள். குழந்தை எதற்கும் மசியவில்லை.

ராணியம்மாள் பொல்லாதவள் அல்ல. அவள் வீட்டுக்காரர் மாரடைப்பு வந்து தேறியவர். ராத்திரித் தூக்கம் கெட்டால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். பத்து நாள் பொறுத்துப் பார்த்தவள், பதினோராம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கே சொல்ல மனசு வரல, வேதா. பொறந்த வூட்ல அழுவாத கொழந்த இங்க வந்து அழுவுதுன்னா, இந்த வூடு அதுக்கு ஆவலைன்னுதான் அர்த்தம். பல்லு மொளைக்கிற வரைக்கும் அங்கயே வெச்சிருந்து இட்டுன்னு வா."

வேதாவுக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா வீட்டில் ஒரு ராத்திரிகூட இப்படி அழுததில்லை. அண்ணன் பரசுராமனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து கூட்டிப்போவதாகப் பதில் வந்தது. சகாதேவன் சரி சரி என்று தலையாட்டினான்.

தலைதான் ஆடியது. ஐந்து மாதம் ஓட்டலில் தின்று, செகண்ட் ஷோ முடிந்து வெறும் அறைக்கு வந்து படுத்தவன் அவன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். வீடு ஆகவில்லை என்றால் வீட்டுக்காரன் ஆகவில்லை என்றுதானே பொருள் என்ற நினைப்புதான் முள்ளாகக் குத்தியது. ராத்திரி குழந்தை கத்தும்போது அவன் கையை நீட்டுவான். நீங்க படுங்க என்பாள் வேதா. பல் முளைத்து அது திரும்பி வரும்போது அப்பன் யாரென்றே தெரியாமல், பால்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன்னைப் பார்த்து அழும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை ராத்திரி செகண்ட் ஷோ. கொட்டகையில் விளக்குப் போடுவதில் சகாதேவனுக்கு ஒரு முறை உண்டு. இடைவேளை வந்தால் முதலில் கதவுகளுக்கு மேலே இருக்கும் சிவப்பு பல்புகள். கொஞ்சம் பொறுத்துப் பக்கச் சுவர் விளக்குகள். கடைசியில்தான் கூரையில் இருக்கும் பெரிய விளக்குகள். இருட்டில் இருந்தவர்களுக்குக் கண் கூசக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவனாக வைத்துக்கொண்ட பழக்கம். கண் கூசாமல் எழுந்து போய் முறுக்குத் தின்றவர்கள் ஒருவருக்கும் இது தெரியாது.

அன்றைக்குப் படம் பாதியில் அறுந்துவிட்டது. பெஞ்சு டிக்கெட்டிலிருந்து விசில் பறந்தது. மறுநாள் நினைப்பிலேயே நின்றுகொண்டிருந்தவன், பதற்றத்தில் பெரிய சுவிட்சை ஒரேயடியாகத் தட்டிவிட்டான். அடுத்த நொடி பெண்கள் பக்கத்திலிருந்து ஏழெட்டுக் குழந்தைகள் ஒன்றாக வீறிட்டன. மடியில் தூங்கிக்கொண்டிருந்தவை அத்தனையும். படம் அறுவது புதிதல்ல, குழந்தைகள் அழுவதும் புதிதல்ல. ஒட்டுகிற அவசரத்தில் இத்தனை வருஷமாக அவன் காதில் ஏறியதில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு ஏறியது. படம் ஓட்டுகிற அறையின் சதுர ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் காலை உதைத்துக்கொண்டு, மூச்சு விட்டு விட்டு வரும் அதே அழுகை. பிலிமைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். விசில் இரண்டு மடங்கானது.

வீட்டுக்கு வந்தபோது வேதா கண் அசந்திருந்தாள். குழந்தையின் துணியெல்லாம் மூட்டையாகக் கட்டி மூலையில் இருந்தது. அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று மணி சுமாருக்குத் தூளி நெளிந்தது. வேதா எழுந்து, பழக்கத்தில் சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

"போடாத," என்றான்.

கரண்ட் போனால் ஏற்றுவதற்கு வைத்திருந்த சிம்னி விளக்கை ஏற்றி, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தான். சுவரில் மட்டும் மங்கலாக வெளிச்சம் பரவியது. நான் மாத்துறேன் என்று சொல்லி, உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். மாற்றுத்துணி மூட்டைக்குள் இருந்தது. முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்தான். ஈரத்துணியை உருவியதும் குழந்தையின் உதடு பிதுங்கியது. அவன் ஒரு கையை அதன் வயிற்றின்மேல் வைத்தான்.

"ஒண்ணும் இல்ல பாப்பா. அப்பாதான்."

குழந்தை கண்ணை அகல விழித்துச் சுவரைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. பிதுங்கிய உதடு உள்ளே போனது. அவன் கட்டிய கட்டு தொளதொளவென்று இடுப்பில் நிற்காமல் நழுவியது. மூன்றாம் தடவைதான் நின்றது. அதுவரைக்கும் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்துவிட்டு, தூளியில் போட்டதும் தூங்கிப்போனது.

கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, அங்கே ராத்திரி எரிவது சிம்னிதான் என்பது அப்போதுதான் வேதாவுக்கும் உறைத்தது.

"கொட்டாய்ல ஊர் பேர் தெரியாதவன் கண்ணு கூசக் கூடாதுன்னு ஒண்ணொண்ணாப் போடுறேன்," என்றான் சகாதேவன். "எம் பொண்ணுக்கு மட்டும் தூக்கத்துல ஒரேயடியாப் போட்டிருக்கேன். வூடு ஆவாம போகல, வேதா. நான் ஆசையா வாங்கிப் போட்டதுதான் ஆவல."

அவன் சட்டைப் பொத்தானை அவளே கழற்றிவிட்டு, படுங்க என்றாள். இந்தத் தடவை அந்தச் சொல் அவனுக்கு வலிக்கவில்லை.

ஐந்து மணிக்கு இன்னொரு தடவை. அதற்கும் சிம்னிதான், அதற்கும் அழுகை இல்லை. விடிந்ததும் ராணியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ராத்திரி சத்தமே இல்லையே, குழந்தைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பதறினாள். தூளியை விலக்கிப் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

பரசுராமன் முதல் பஸ்ஸில் சொன்னபடி வந்து சேர்ந்தான். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, மூட்டை எங்கே, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். வேதா அவன் கையில் காபித் தம்ளரைக் கொடுத்தாள்.

"எப்டிண்ணா வர்றது? துணியெல்லாம் ஈரமா கெடக்குது. நீ காபி குடிச்சிட்டுக் கெளம்பு."

பரசுராமன் அண்ணாந்து கொடியைப் பார்த்தான். அதில் இரண்டே இரண்டு துணி தொங்கியது. மீதியெல்லாம் மூலையில் அவிழ்ந்த மூட்டையில் காய்ந்து கிடந்தன, பக்கத்தில் சகாதேவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பரசுராமன் சாவகாசமாகக் காபியை ஆற்ற ஆரம்பித்தான்.